குரங்கு உடைத்த ஓடு

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் ஓட்டுத் துண்டு வைத்திருக்கிறேன். சிவப்பு ஓடு, உடைந்த ஓரம் மட்டும் பாசி படிந்து கருத்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

அத்தை, அப்பாவின் அக்கா. மைசூரில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தாள். வேலை கிடைத்த புதிதில் நானும் அவளோடுதான் தங்கியிருந்தேன். ஒரு சித்திரை மாதக் காற்றுமழையில் பக்கத்துத் தென்னை சாய்ந்து சமையலறைக் கூரையைப் பிளந்துவிட்டது. மழைக்காலத்துக்குள் கூரை போடாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பெங்களூரிலிருந்த மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அத்தைக்கோ அந்த வீட்டைவிட்டு ஒரு நாள்கூட இருப்புக் கொள்ளாது. கைப்பணத்தில் கூரை போட வழியில்லை. வீட்டுக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸ் வந்தால்தான் உண்டு.

சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருகிறார் என்று போன் வந்ததும் அத்தை என்ன செய்தாள் தெரியுமா? நான் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து, ஆள் வைத்து மரத்தை அறுத்து அப்புறப்படுத்தி, கூரைக்குத் தார்ப்பாய் கட்டி, வீட்டைக் கழுவி, வாசலில் பெரிய கோலமும் போட்டுவிட்டாள். வெளியாள் வரும்போது வீடு அலங்கோலமாகக் கிடக்கலாமா என்பது அவள் நியாயம். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

கொள்ளேகால்காரரான சர்வேயர் வாசலிலேயே திகைத்து நின்றார். "ஏனுங்கம்மா, மரம் விழுந்த வீடு இதுதானுங்களா? கல்யாண வீடாட்ட இருக்குதுங்க! ஒடஞ்ச ஓடெல்லாம் எங்கீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல சார். தோட்டத்துல வெச்சிருக்கேன்" என்றாள் அத்தை.

செம்பருத்திப் பாத்தியைச் சுற்றி உடைந்த ஓடுகளை வரிசையாக நட்டு அழகாகக் கரை கட்டியிருந்தாள்! சர்வேயர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தைப் பார்த்தார். "புதுசா ஒடஞ்சிருந்தா ஓரம் செவசெவன்னு இருக்கும்ங்க. பழசுன்னா பாசி புடிச்சிருக்கும். பழைய சேதத்துக்குப் பணம் வராதுங்க."

ஒன்றில்கூடப் பாசி இருக்கக் கூடாதே என்று நான் வேண்டாத தெய்வமில்லை. அத்தையோ தானே குனிந்து ஒரு துண்டைப் பிடுங்கி நீட்டினாள். "இதச் சேக்காதீங்க சார். இது போன வருஷம் குரங்கு ஒடச்சது."

ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பாத்தியிலிருந்த ஓடுகள், தென்னையின் அடிக்கட்டை, தார்ப்பாய்க்கு அடியில் முறிந்து கிடந்த சட்டங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு போனார். கேட்டது கிடைத்தது. ஆனி பிறப்பதற்குள் புது ஓடு ஏறிவிட்டது. முதல் மழையன்று அத்தை அடுப்படியில் நின்றுகொண்டு மகனுக்குப் போன் போட்டாள். "கேளுடா, மழை வெளிய மட்டுந்தான் பெய்யுது!" கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள்.

போன மாதம் மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கூரைத் தகடு காற்றில் பிய்ந்துபோனது. துடைப்பத்தோடு கிளம்பிய கணவரை, "தொடாதீங்க!" என்று கத்தி நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். ஆனாலும் சர்வேயர் வரும் நாள் காலையில் கை சும்மா இருக்கவில்லை. வாசலில் கோலம் போட்டுவிட்டேன்.

சர்வேயராக வந்த பெண் மாடியைப் பார்த்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டது.

"இதுவும் இந்தக் காத்துல ஒடஞ்சதா மேடம்?"

"இதச் சேக்காதீங்க" என்றேன். "இது குரங்கு ஒடச்சது."