புடவை காய்ந்திருந்ததா?

போன மாதம் டாக்டரம்மாவின் படத்திறப்பு சென்னையில் நடந்தது. மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற, நரம்புகளின் மேலுறை அரித்துப்போகிற நோயை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். நடக்க முடியாதவர்களோடு வாழ்ந்தவருக்கு விழா எடுத்தவர்கள், அதை மூன்றாவது மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் ரிப்பேர். சக்கர நாற்காலியில் வந்த என் அத்தையைக் கீழேயே விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன். எத்தனை கட்டுரைகள், எந்தெந்த நாட்டு விருதுகள் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அவர் நோயாளிகளிடம் என்ன கேட்பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் நான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நைனாவின் தங்கையான அந்த அத்தையைக் கனகம்மாசத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கால் மரத்துப்போகும், கண் மங்கும். அடுத்த மாதம் சரியாகிவிடும். வேலை செய்ய வலிக்கிறது, அதான் நடிக்கிறாள் என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டினார்கள். மாமா அவளைத் திருத்தணியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் தன் காலாலேயே மலையேறினால் அழைத்துப்போகிறேன், இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தீர்ப்புச் சொல்ல இவர் யார்? அன்றைக்கு அதை ஒருவரும் கேட்கவில்லை.

சரவணப் பொய்கையில் முழுகி, சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடு அத்தை காவடியைத் தோளில் வைத்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுவது என் வேலை. பாதி மலைவரை எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அப்புறம் வெயில் ஏறியது. அத்தை தடுமாறினாள். படியெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லி, காவடியை நைனாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பாதி மலை ஓட்டமா ஏறிகினு வந்தவளுக்கு மீதிக்கு மட்டும் கால் வராதா?” என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, “கூடவே வந்தியே, நீ சொல்லு பாப்பா” என்றார்.

பெரியவர் ஒருவர் என்னைச் சாட்சி கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “ஆங், நல்லாத்தான் நடந்தாங்க. இப்ப நடிக்கிறாங்க” என்றேன். மாமா விறுவிறுவென்று இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டார். யாரோ அத்தையின் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிழலில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து நடந்தாள். பார்த்தாயா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பத்து வயதென்றாலும், அந்த வார்த்தைக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நைனா மட்டும் விடவில்லை. போன இடமெல்லாம் மனசு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சென்னையில் டாக்டரம்மாவிடம் போனோம். நைனா மலைக் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அத்தை உட்கார்ந்தப்போ புடவை ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?”

“காஞ்சிகினே வந்து மொடமொடன்னு ஆயிடுச்சுங்க.”

அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தையும் பார்த்தார். உடம்பு சூடேறினால் இந்த நோயில் நரம்பு சொன்னபடி கேட்காது, குளிர்ந்தால் திரும்பும் என்று நைனாவுக்கு விளக்கினார். “இவங்க நடிக்கல” என்றார். அதையே மாமாவுக்குக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். அந்த மனுஷன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தை பிறந்ததும் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அத்தை அந்தக் கடிதத்தின் நகலை இன்றும் வைத்திருக்கிறாள். எந்த விருதுப் பட்டியலிலும் அது இல்லை.

நோய் தீராது, மருந்தோடுதான் வாழவேண்டும் என்றும் டாக்டரம்மா அன்றே சொல்லிவிட்டார். திரும்பும் ரயிலில் நைனா மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை மட்டும் வேர்க்கடலை வாங்கி எனக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டு, மணவூர் தாண்டியும் சிரித்த முகமாகவே வந்தாள். தீராத நோய் என்று சொல்லியும் சிரிக்கிறாளே, அப்படியானால் இதுவும் நடிப்புதான் என்று நினைத்துக்கொண்டு நான் கடலையைத் தின்றேன்.