ஓரின் மெரோ கட்டிய மீன்படி

ஓரின் மெரோவின் மில்லில் அறுத்த பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவலாம், கையில் ஒரு சிலாம்பு ஏறாது. பிளம்மர் ஆற்றங்கரையில் அவரைப் பிடிக்காதவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வார்கள். மனுஷர் கோழி உட்காரும் கம்பைக்கூட இழைத்துத்தான் கூண்டில் மாட்டினார்.

"கோழி வழுக்கி விழுது, ஓரின்," என்றாள் அவர் மனைவி தீர்ஸா.

"பழகிக்கும்," என்றார் அவர். ஆள் அப்படி.

இந்த மனுஷருக்கு ஆற்று மத்தி மீன் மட்டும் ஆகாது. வீட்டுக்குள் அந்த வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். ஊரில் பலரும் அவருக்கு வயிறு சரியில்லை என்று நினைத்திருந்தார்கள். காரணம் தீர்ஸாவுக்குத் தெரியும்.

ஓரினின் அப்பா, வசந்த வெள்ளத்தில் கட்டைகளை ஆற்றோடு ஓட்டிக்கொண்டு போனபோது அவற்றுக்கு நடுவே நசுங்கிச் செத்தவர். அமெரிக்காவில், மெயின் மாநிலத்தின் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் மத்தி கடலிலிருந்து ஆறேறி வரும்போது, ஊர் பிடிக்கும் மீனில் முதல் கூடைகள் விதவைகளுக்கு. நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தக் கூடையைத் தலையில் வைத்து ஊர் நடுவே நடந்தவனுக்கல்லவா தெரியும். "விதவை மீன் போகுது பாரு" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்களாம். பிறகு குளிர்காலம் முழுக்க, புகையில் வாட்டிய அதே மீன்.

"அதுல முள்ளுக்கு நடுவுல எங்கயாவது கொஞ்சூண்டு சதை இருக்கும் தீர்ஸா," என்று கல்யாணமான புதிதில் சொன்னார். "அந்தக் கொஞ்சூண்டுக்கும் நாங்க ஊர் பூரா நன்றி சொல்லணும்." அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

பிறத்தியார் மில்களில் வருஷக்கணக்காக மரத்தூளை மூச்சிழுத்துவிட்டு, யாரும் சீந்தாத ஓர் இடிந்த மில்லை அருவிப் பக்கம் வாங்கினார். அணையை இருவருமாகக் கட்டினார்கள். தீர்ஸா மேலங்கி மடியில் கல் சுமந்தாள். நீர்ச்சக்கரம் சுற்ற, ஒற்றை ரம்பம் மேலும் கீழும் போய்வரும். அது ஒரு கட்டையைக் கடந்து முடிப்பதற்குள் நீங்கள் ஒரு துண்டு ஆப்பிள் பை தின்று, வாயைத் துடைத்து, பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டியும் முடித்துவிடலாம். ஆனாலும் மில் ஓடியது, வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறைதான் வம்பு. மத்தி வந்ததும் அணையின் மதகைத் திறந்துவிட வேண்டும், மீன் மேலே ஏரிக்குப் போய் முட்டையிடும் வரை சக்கரம் நிற்க வேண்டும். ஊர்க் கூட்டம் நியமித்த மீன் காவலர் ஜோத்தம் பீஸ் வந்து நிற்பார். ஓரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மதகைத் திறப்பார்.

ஒரு வருஷம் குளிர்காலத்தில் பனியே சரியாகப் பெய்யவில்லை. உருகி வர எதுவுமில்லாமல் அணையில் பாதித் தண்ணீர். அந்த வருஷம் பார்த்தா ஆற்று முகத்துவாரத்தில் இருந்த கப்பல் கட்டும் பட்டறை, மே முடிவதற்குள் மேல்தளப் பலகை கேட்க வேண்டும்? கொடுத்தால் வருஷா வருஷம் வேலை இவருக்கு. இல்லையென்றால், பட்டறைக்குப் பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த நீராவி மில்லுக்கு. அப்படிப் போய்விட்டால் ஓரினின் சக்கரம் சுற்ற வேலையே இருக்காது. மதகைத் திறந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும், ரம்பம் நின்றுவிடும்.

ஓரின் ஒரு வழி கண்டுபிடித்தார். அணையின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பலகையால் ஒரு வாய்க்கால். கொஞ்சம் தண்ணீரே போதும், மீன் அதில் ஏறட்டும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றட்டும். நல்ல யோசனைதான். ஆனால் செய்தவர் ஓரின் மெரோ ஆயிற்றே. நேர்கோடாகப் போட்டு, உள்பக்கமெல்லாம் இழைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவைத்தார். மில்காரருக்கு அதைவிட நல்ல வேலை எது?

மீன் வந்தது. ஆறே கறுத்துப்போகும் அளவுக்கு வந்தது. வாய்க்காலில் பாதி ஏறும், அப்படியே வழுக்கிக் கீழே வந்து விழும்.

"ஓரின், இதுல சின்னப் பசங்கள உக்கார வச்சு சறுக்கி விடலாம்," என்றார் ஜோத்தம். "மீனுக்கு ஆகாது. மதகைத் திற."

"இப்ப திறந்தா என் மில்லு போச்சு."

"மீனு ஏறி முட்டை போடலேன்னா, குஞ்சு வளர்ந்து நாலு வருஷம் கழிச்சு வர வேண்டிய மீனே இல்ல. அது தெரியுமில்ல?"

"ஒரு வருஷம் மத்தி இல்லேன்னா ஊரு ஒண்ணும் செத்துடாது."

தீர்ஸா அதைக் கேட்டுவிட்டாள். கரையில் விதவை பெர்சிஸ் அத்தை காலிக் கூடையோடு விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். மீன் ஏறத் தொடங்காமல் யாரும் வலை போடக் கூடாது என்பது சட்டம்.

"மிஸ்டர் மெரோ," என்றாள் தீர்ஸா. கோபம் வந்தால்தான் அவள் புருஷனை அப்படிக் கூப்பிடுவாள். "அந்தக் கூடையோட உங்கம்மா நின்னுட்டிருந்தா இப்பவும் இதையே சொல்வீங்களா?"

ஓரின் ரம்பத்தின் பக்கம் திரும்பினார். கட்டையிலிருந்து முதலில் அறுத்துத் தள்ளும் பட்டைத் துண்டு ஒன்று, முண்டும் முடிச்சுமாகத் தீர்ஸாவின் காலடியில் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கண்ணாடி வாய்க்காலுக்குள் வீசினாள். அது கோணலாகச் சிக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் பொங்கி வழிந்தது.

ஓரின் ஓடி வந்தார். "என்ன காரியம் பண்ற? எடு அதை."

"நீயே எடு," என்றவள், அதற்குள் அவர் கையைப் பிடித்தாள். "இரு. அங்க பாரு."

பட்டைத் துண்டின் அடிப்பக்கம் தண்ணீர் வேகம் அடங்கிக் குட்டை போல் நின்றது. அதில் ஒரு மத்தி, மாடிப்படியில் இளைப்பாறும் கிழவி மாதிரி, செவுளை அசைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. பிறகு வாலை ஒரு வீசு வீசித் துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. மேலே மறுபடி வழவழப்பு. வழுக்கிக்கொண்டு வந்து அதே குட்டையில் விழுந்தது.

ஓரின் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மில்லுக்குள் போனார். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது, ரம்பம் அடங்கியது. அந்த அமைதியின் விலை தீர்ஸாவுக்குத் தெரியும்.

கடப்பாரையோடு வந்து, தான் இழைத்த வாய்க்காலைத் தானே பெயர்த்தார். முழங்கால் வரை பனியாய்க் குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு கல்லையும் பட்டைத் துண்டையும் மாற்றி மாற்றிக் கோணலாக அடுக்கினார். ஜோத்தம் பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினார். கரையில் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்த வாரத்தில் பெரும்பகுதி ரம்பம் ஓடவில்லை.

அவ்வளவு அசிங்கமான வேலையை ஓரின் மெரோ வாழ்நாளில் செய்ததில்லை. ஆனால் மத்தி படிப்படியாக ஏறியது. அந்த மீன்படிக்குக் கொஞ்சம் தண்ணீரே போதும் என்பதால் சக்கரமும் மறுபடி சுற்றியது.

வலை போட்டதும், முதல் கூடையை ஓரினே தூக்கினார். தலையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்து, பெர்சிஸ் அத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். தீர்ஸா அன்று சமையலறையில் முகத்தை மேலங்கியில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பலகை ஒருவழியாக அறுத்து முடிந்தது. ஆனால் மிதக்கவிட்டு அனுப்ப ஆற்றில் ஆழமில்லை. ஜோத்தம் தன் எருதுகளைப் பூட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே கீழ்க்கரைக் குடியானவர்கள் தங்கள் எருதுகளோடு வந்தார்கள். மே மாதத்தின் கடைசி நாள் பலகை பட்டறையில் இருந்தது. மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டார்.

பிறகு ஓரின் பல வருஷம் நன்றாகவே இருந்தார். மீன் மட்டும் கடைசிவரை தின்னவில்லை. ஒரு மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே அடங்கிவிட்டார்.

மே வந்தது. கிழவராகிவிட்ட ஜோத்தம் தீர்ஸாவின் வாசலில் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா நினைக்காத தீர்ஸா. முதல் கூடை உனக்கு வேணும்னு இல்ல. ஆனா வழக்கம்."

"உள்ளூர்க்காரி எனக்கே வழக்கம் சொல்றியா?" என்றாள் அவள். "கூடையை எடுத்துட்டு நானே வரேன்."

மீன்படியின் அடியில் கூடையை நிரப்பிக்கொண்டு, குறுக்கு வழியை விட்டு, தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றி ஊர் நடுவேதான் நடந்தாள். வீட்டில் ஒரு மீனை வறுத்து, ஓரினின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, பொறுமையாக முள்ளைப் பிரித்தாள்.

"நீ சொன்ன அளவுக்கு இல்ல ஓரின்," என்றாள். "சதை நல்லாவே இருக்கு."