சென்றியில் காட்டிய முகம்

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்கள்கூட ஊகம் அல்ல. மாடுகளுக்குச் சினையூசி போடுவது என் தொழில். புறப்பட்ட நேரம், ஊசி போட்ட நேரம், திரும்பிய நேரம் எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமைக்குரிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரனிஸ்லஸ். சொந்த இடம் முள்ளிவாய்க்கால். 1997 மே மாதம் பத்து நாள் பயிற்சிக்கென்று வவுனியா வந்தேன். வந்த மூன்றாம் நாள் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. மனைவி புனிதமும் இரண்டு வயது மகள் பிறின்சியும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். மூன்றரை வருடம் அப்படியே போனது. வைரவபுளியங்குளத்தில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரே ஒரு தேநீர்க் கோப்பை. இரவில் கதைக்க ஆள் இல்லாமல் வானொலியைச் சும்மா போட்டு வைப்பேன்.

2000 நவம்பரில்தான் எனக்கு இராணுவத்தின் பயண அனுமதியான பாஸ் கிடைத்தது. டிசம்பர் 20ஆம் தேதி எல்லைச் சாவடியைக் கடந்து போய், வீட்டில் இரண்டு வாரம் நின்று வரலாம். ஒரே நிபந்தனை, அதற்குள் எந்தச் சென்றியிலும், அதாவது இராணுவக் காவலரணிலும், என் பெயரில் பிரச்சினை வரக்கூடாது. வந்தால் பட்டியலில் பெயர் வெட்டுப்படும். பிறகு அடுத்த பாஸ் எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிரச்சினை என் ஹெல்மெட்டில் இருந்தது.

முகம் முழுக்க மூடுகிற பழைய ஹெல்மெட். பூவரசங்குளம் போகும் வழியில் மூன்று சென்றி. ஒவ்வொன்றிலும் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்ட வேண்டும். கழற்றுவதற்கு முதல் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்கிற ஆளும் எனக்குப் புகைதான். டிசம்பர் 1ஆம் தேதி ஒரு சிப்பாய் 'நில்' என்று கையைக் காட்டியது எனக்குத் தெரியவில்லை. துவக்கை இழுத்துச் சன்னம் ஏற்றும் சத்தம்தான் கேட்டது. கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றேன். விட்டார்கள். அடுத்த முறை விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முன்பக்கத்தை மட்டும் மேலே தூக்கிவிடக்கூடிய ஹெல்மெட் வேண்டும். அதைத் தேடித்தான் 5ஆம் தேதி பரமலிங்கத்தின் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். நேரம் பிற்பகல் 2.15.

பரமலிங்கம் இல்லை. அவருடைய மனைவி கமலேஸ்வரி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அவர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிட்டார் தம்பி. நாளைக்குத்தான் வருவார். எனக்கு ஹெல்மெட் ஒண்டும் தெரியாது. ஆணி எண்டால் கேளுங்கோ."

"முன்பக்கம் மேல தூக்குறது ஏதும் இருக்கே அக்கா?"

"மூஞ்சியை மறைக்கத்தானே உதைப் போடுறது. பிறகேன் தூக்குவான்?"

"இது மறைக்கிற மூஞ்சியோ அக்கா?"

"அதை என்னட்டைக் கேளாதேங்கோ. வியாபாரம் நடக்கிற நேரம்."

தட்டில் இரண்டு இருந்தன. முதலாவது கறுப்பு. பூட்டைத் திறக்க இரண்டு கை வேண்டும். சென்றியில் ஒரு கையில் அடையாள அட்டை இருக்கும். அது சரிவராது. இரண்டாவது சிவப்பு. ஒரு கையால் திறந்தது. ஆனால் தூக்கிய மூடி மேலே நிற்கவில்லை, தலையை ஆட்டினால் 'சடக்' என்று விழுந்தது. சிப்பாய்க்கு முன்னால் முகம் திடீரென்று மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதையும் வைத்துவிட்டேன்.

அலுமாரியின் அடித்தட்டில், பழைய பேப்பர் சுற்றி, இன்னொன்று கிடந்தது. சாம்பல் நிறம். பாவித்தது. போட்டுப் பார்த்தேன். கன்னத்தில் அளவாக இறுகியது. கண்ணாடிக் காலுக்கு இடம் இருந்தது. பெருவிரலால் தாடைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினேன்.

டக்.

மூடி மேலே போய் அப்படியே நின்றது. தலையை ஆட்டினேன். அசையவில்லை. உள்மெத்தை இளஞ்சூடாக இருந்தது. தகரக் கூரையின் சூடு என்று நினைத்தேன்.

"அக்கா, இதை ஒரு நாள் ஓடிப் பாத்திட்டு விலை பேசட்டே?"

"உங்கட பழசை இஞ்சை வைச்சிட்டுக் கொண்டு போங்கோ. எல்லாருக்கும் குடுக்கிறமாதிரித்தானே." அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அன்று பூவரசங்குளத்தில் கதிர்காமநாதனின் மாடு விடியற்காலையில் சினைக்குக் கத்தத் தொடங்கியிருந்தது. காலையில் கத்துகிற மாட்டுக்கு மாலையில் ஊசி போட வேண்டும். அதுதான் கணக்கு. விந்து உறைய வைத்த நைதரசன் குடுவையை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு 2.55க்குப் புறப்பட்டேன்.

3.04. முதலாவது சென்றி. பொத்தானை அழுத்தினேன். டக். சிப்பாய் பார்த்தான். அட்டையைக் கேட்கவில்லை. கையை அசைத்துப் போகச் சொன்னான்.

3.17. இரண்டாவது. அங்கே இருந்த சிப்பாய்க்கு இருபது வயதுதான் இருக்கும். என் முகத்தைக் கனநேரம் பார்த்தான். அட்டையை வாங்கிப் பார்த்தான். கொப்பியில் ஏதோ எழுதினான். பிறகு என் தோளில் மெதுவாகத் தட்டினான்.

"யன்ன மல்லி," என்றான்.

சிங்களத்தில், போ தம்பி என்று அர்த்தம். எனக்கு முப்பத்தெட்டு வயது. முன்தலை முழுக்க நரை. அவன் எப்படி என்னைத் தம்பி என்றான்? பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

3.31. மூன்றாவது. அங்கேயும் மறிக்கவில்லை. ஒருவன் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான்.

நல்ல ஹெல்மெட். வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கதிர்காமநாதனின் மாட்டுக் கொட்டில் தூணில் அதைக் கொழுவினேன். மூடி தூக்கியபடி இருந்தது. சாதுவான மாடு அது. இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறேன். அன்று கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனது.

"ஐயா, அந்தத் தொப்பியை அங்கால வையுங்கோ," என்றார் கதிர்காமநாதன். "மாடு அதைத்தான் பாக்குது."

"தொப்பிக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும். மாட்டிட்டைக் கேளுங்கோ."

வெளியே வேலியில் கொழுவிவிட்டு வந்தேன். மாடு அமைதியானது. 5.05க்கு வேலை முடிந்தது. கை கழுவிவிட்டு ஹெல்மெட்டை எடுக்கப் போனேன்.

மூடி பூட்டியிருந்தது.

"நீங்களோ மூடினது?"

"நான் உங்களோடை மாட்டையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

ஆறு மணிக்குப் பாதை மூடிவிடுவார்கள். 5.22க்குப் புறப்பட்டேன். மழை இருட்டு. இரு பக்கமும் காடு. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை.

இரண்டு கட்டை தூரம் போயிருப்பேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து புகாரடித்தது. என் மூச்சு என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். புகார் மெல்ல மறைந்தது...

மறுபடி படிந்தது.

நான் இன்னும் மூச்சு விடவில்லை.

காதுக்குள் சத்தம் கேட்டது. இரண்டு தரம் உள்ளே இழுத்து, ஒரு தரம் வெளியே விடுகிற மூச்சு. மறுபடியும் இரண்டு. மறுபடியும் ஒன்று. பொத்தானை அழுத்தினேன். டக். குளிர்காற்று முகத்தில் அடித்தது. மழைத்துளி உதட்டில் விழுந்தது. சத்தம் நின்றது.

5.41. மூன்றாவது சென்றி. பிற்பகலில் நின்ற ஆட்கள் மாறியிருந்தார்கள்.

"மூடி திற," என்றான் புதிய சிப்பாய்.

திறந்துதான் இருந்தது.

"திறந்திருக்கு சேர்," என்றேன்.

"மூடி திற. முகம் காட்டு."

கையை வைத்துப் பார்த்தேன். என் மூக்கு. என் மீசை. மீசையில் மழை ஈரம்.

"சேர், இது என்ர முகம்..."

துவக்கு உயர்ந்தது.

பிறின்சியை நினைத்தேன். பதினைந்து நாள். இன்னும் பதினைந்து நாள்தான்.

நாடாவை அவிழ்த்தேன். மூக்குக் கண்ணாடியை இழுத்தெடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தேன். சிப்பாய் ஒரு புகையாகத் தெரிந்தான். அந்தப் புகை ஒரு அடி பின்னால் போனது. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"போ," என்றான். "போ, போ."

5.53. 6.00. மற்ற இரண்டு சென்றியிலும் ஹெல்மெட்டைப் பெற்றோல் தாங்கியில் வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு வந்தேன். யாரும் மறிக்கவில்லை.

அறைக்கு வந்தபோது 6.20. அதை மேசையில் வைத்தேன். 7.10க்கு மின்சாரம் நின்றது. வானொலியும் நின்றது. விளக்கைக் கொளுத்தினேன்.

மேசையில் இருந்த ஹெல்மெட்டின் கண்ணாடியில் புகார் படிந்தது. மறைந்தது. படிந்தது. மறைந்தது.

மாட்டுக்கு மூச்சு எண்ணிப் பழகியவன் நான். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

தூக்கி வெளியே எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றரை வருடமாக அந்த அறையில் மூச்சு விட்டது நான் ஒருவன்தான்.

"ஆர்?" என்று கேட்டேன்.

புகார் நின்றது.

7.34.

டக்.

மூடி உயரத் தொடங்கியது. மெதுவாக...

உள்ளே பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஓடினேன். விடியும்வரை நான் வேலை செய்யும் கந்தோர் விறாந்தையில் நனைந்துகொண்டு குந்தியிருந்தேன்.

மறுநாள் காலை 8.30க்குப் பரமலிங்கம் கடையில் இருந்தார். ஹெல்மெட்டைக் கண்டதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை ஏனப்பா குடுத்தனீர்? இது விக்கிறதுக்கில்லை."

"அலுமாரிக்குள்ளை கிடந்தது. அவர் கேட்டவர், குடுத்தன்."

"என்ன பிழை இதில?" என்று கேட்டேன்.

"பிழை ஒண்டுமில்லைத் தம்பி. ஒரு பெடியன் திருத்தத் தந்தது. ஓடேக்க மூடி தானாத் திறக்குது, இறுக்கித் தாங்கோ எண்டவன். தாய் அந்தப் பக்கமாம், பாஸ் கிடைச்சிருக்காம். எடுக்க வரேல்லை. பதினொரு மாதமாப் போச்சு."

"நல்லாத் திறக்குதே."

பரமலிங்கம் சிரித்தார். ஹெல்மெட்டை வாங்கிக் கவிழ்த்து உள்மெத்தையை விலக்கினார். உள்ளே மூன்று புரியாணிகள். மேலே கல்லுப்போல இறுகிய பசை.

"நானே முடுக்கினது. இதைத் திறக்கிறதெண்டால் வாளால அரியவேணும்."

பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மூடி இம்மியும் அசையவில்லை.

அப்படியானால் போகிற வழியில் மூன்று சென்றியிலும் அவர்கள் பார்த்தது எந்த முகம்?

பரமலிங்கம் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார். என் பழைய ஹெல்மெட்டோடு வந்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பாஸ் போய்விடும் என்ற பயம்.

டிசம்பர் 20, புதன்கிழமை. எல்லைச் சாவடிக்கு 11.15க்குப் போய்ச் சேர்ந்தேன். பிறின்சிக்கு ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து வாங்கியிருந்தேன். அளவு தெரியாது. கடைக்காரனிடம் ஐந்தரை வயது என்று சொல்லி வாங்கியது.

சாவடியில் பட்டியலோடு இருந்தவன் இரண்டாவது சென்றிச் சிப்பாய். என்னைத் தம்பி என்றவன். என் அட்டையை வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பட்டியலைப் பார்த்தான். என் பெயரின் மேல் சிவப்புக் கோடு.

"இந்த ஆள் செத்தது," என்றான்.

"நான்தான் சேர் அந்த ஆள்."

கொப்பியைப் புரட்டினான். டிசம்பர் 5. 3.17.

"அண்டைக்கு இந்த அட்டை கொண்டு வந்தது சின்னப் பொடியன். மூடி தூக்கினது. அழுதது. நிறைய அழுதது. யாருக்கு என்ன எண்டு கேட்டேன். பேசவில்லை. இந்தப் படத்தைக் காட்டினது. அப்பா செத்தது எண்டு நான் எழுதினது."

அன்று வந்தது நானேதான் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அதிகாரியான பெரியவரைக் கூப்பிட்டான். அட்டையை யாருக்குக் கொடுத்தாய் என்று பெரியவர் கேட்டார். திருப்பித் திருப்பிக் கேட்டார். 12.00 மணிக்குப் பாதையை மறிக்கும் தடை விழுந்தது. பாஸ் இரத்து. விசாரணை முடியும்வரை புதிது இல்லை.

சப்பாத்துப் பெட்டியோடு திரும்பி வந்தேன்.

செத்த செய்தி அங்கே எட்டியிருக்குமோ என்ற பயத்தில், உயிரோடு இருக்கிறேன் என்று புனிதத்துக்கு எழுதி, ஒரு பாதிரியார் கையில் கொடுத்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"உங்கள் எழுத்தைக் கண்ட பிறகுதான் கறுப்புச் சீலையை மாற்றினேன். பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல். இருபதாம் தேதி நாங்கள் இந்தப் பக்கத் தடையடியில் விடியவிலிருந்து காத்திருந்தோம். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும். சாம்பல் நிற ஹெல்மெட் போட்ட ஒரு பெடியன் நடந்து வந்தான். பிறின்சிக்கு முன்னால் குந்தினான். மூடியைத் தூக்கினான். அழுதான். ஒன்றும் பேசவில்லை. உங்கள் அட்டையை எடுத்துப் படத்தைக் காட்டிவிட்டு, உள்ளே போகிற சனத்தோடு போய்விட்டான். யார் அவன்?"

பரமலிங்கத்தின் அலுமாரி அன்று முழுக்கத் திறக்கப்படவில்லை. கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் என்றால் 11.40. அந்த நேரம் என் அட்டை எல்லைச் சாவடியில், சிப்பாயின் கையில் இருந்தது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.