படலுக்கு வெளியே நின்ற வண்டி

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ரோட்டில் செத்துவிடக் கூடாது. போலீசுக்குப் பயந்ததில்லை, மலைப்பாதைக்குப் பயந்ததில்லை, ஊரே பயப்படும் என் வாய்க்கும் பயந்ததில்லை. ரோட்டில் சாவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

நான் லாரி டிரைவருக்கு வாக்கப்பட்ட வாத்தியாரம்மா. நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்து வீடு எங்களுக்கு. எழுபதுகளில் அவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பம்பாய், கல்கத்தா என்று போய்க்கொண்டே இருப்பார். நான் பள்ளிக்கூடம், மகன், மாடு என்று கிடப்பேன். அவர் வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அடுத்த லோடு காத்திருக்கும். அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

அந்தக் காலத்தில் ஒருமுறை, அவரோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டிய இன்னொரு டிரைவர், ஆந்திராவில் ரோட்டோரமாகச் சமைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். தார்ப்பாயில் சுற்றி உடம்பை ஊருக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். பிணம் ஏற்றினால் வண்டியின் முன்னால் ஒரு கொத்து வேப்பங்குழை செருகுவது ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுடைய வழக்கம். குழையைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட ஊர்க்காரர்கள் எல்லையில் வண்டியை மறித்துவிட்டார்கள். வெளியே செத்த உடம்பு வீட்டுக்குள் போகக் கூடாதாம். புளியமரத்தடியில் அதே தார்ப்பாயில் கிடத்தினார்கள். பெற்றவள் வீட்டிலிருந்து ஓடிவந்து அங்கே விழுந்து புரண்டாளாம். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை.

"நாய் படுக்கற எடத்துல போட்டாங்க அம்மிணி. அவன் சம்பாரிச்சுக் கட்டுன ஊடு எதுக்கால நிக்குது. அதுக்குள்ள அவன் போக முடியல. நான் செத்தா நடு ஊட்டுலதான் சாகோணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"மொதல்ல சோத்தத் தின்னுங்க. சாகறதப் பொறவு பாத்துக்கலாம்" என்றேன். எரிந்து விழுந்தேனே தவிர, அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது.

எண்பதுகளில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன். அவரும் அதே சமயத்தில் ஸ்டியரிங்கை விட்டார். தோட்டத்தை மகன் பார்த்துக்கொண்டான். வேலை இல்லாத மனுசனை வீட்டில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! மாட்டோடு சண்டை, மோட்டாரோடு சண்டை, ஒன்றும் கிடைக்காவிட்டால் என் குழம்போடு சண்டை. ராத்திரி தூக்கம் கிடையாது. கட்டிலில் உருண்டுவிட்டு வாசலுக்கும் மாட்டுக் கட்டுத்தறிக்கும் நடப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் என்னோடு சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய வேன் ஒன்றைப் பிடித்து, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த சிநேகிதரிடம் விட்டார். அது திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மூலை, பாத்திரம் விழாமல் இருக்கக் கம்பி போட்ட அலமாரி, மேலே மழைக்கு ஒரு தார்ப்பாய். குளிர்காலம் முழுக்க மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரம் போய் இருக்கலாம் என்றார்.

"நான் என்ன சர்க்கஸ்காரியா?" என்று கேட்டேன்.

"இத்தன வருசம் ஊட்டுலயே கெடந்தியே, சித்தெ வெளிய வந்து பாரு" என்றார். மறுநாளே பாத்திரங்களை அந்தக் கம்பி அலமாரியில் அடுக்கினேன்.

மேட்டூரில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்துவிட்டு ஓய்ந்தவர். ரிக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். தண்ணீரை ஒட்டி ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ரிக்கோடு கூடப் போகிற, ஆட்கள் படுக்கக் கட்டில் அடித்த அவருடைய பழைய லாரி அங்கே நின்றது. தீபாவளி முடிந்ததும் அவரும் அவர் சம்சாரமும் அதில் குடியேறுவார்கள். எங்களைப் போல ஓய்வு பெற்ற இன்னும் சில ஜோடிகள் வேனும் ஜீப்புமாக வந்து சேரும். பொங்கலுக்குள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். பேரன் பேத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கிடக்க வேண்டிய வயதில் இந்தக் கிழங்கட்டைகளுக்கு வந்த கொழுப்பைப் பார் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனுசன் தூண்டிலைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிடித்ததென்னவோ விரல் நீளக் கெண்டைதான். அதற்கு அவர் அடித்த தம்பட்டம் தோப்பு முழுக்கக் கேட்கும். நான் ஒயர் கூடை பின்னினேன். தோப்பில் இருந்த எல்லாப் பெண்கள் கையிலும், கீரை விற்க வந்தவள் கையிலும்கூட நான் பின்னிய கூடைதான். சாயங்காலம் தாயக்கட்டம். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஆடுவோம். எனக்குத் தாயம் விழுந்தால் "கள்ளாட்டம் ஆடறா பாருங்க" என்று இவர் ரிக்காரரிடம் பிராது வைப்பார். எதிலே ஜெயித்தேனோ இல்லையோ, தாயத்தில் அவரை நன்றாக ஜெயித்தேன்.

எல்லாவற்றையும் விட, அந்தப் பலகைக் கட்டிலில் அவர் தூங்கினார். படுத்தவுடன் குறட்டை. வீட்டில் அத்தனை நாள் விழித்துக் கிடந்தவர் இவர்தானா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் சந்தோசமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மூன்றாவது குளிர்காலத்துக்கு முன்பே அவர் நெஞ்சு கெட்டுவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். குளிர் காற்று ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னார். மகன் கெஞ்சினான். "இந்த வருசம் வேண்டாமுங்கப்பா. என்ற பொண்டாட்டியும் மாசமா இருக்கறா. எல்லாரும் ஒண்ணா இருக்கலாமுங்க."

"இங்க கெடந்தா இப்பவே செத்துருவேன்டா" என்றார் இவர். பிறகு தனியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு ஒரு மாதிரி ஆச்சுன்னா என்னைய ஊட்டுக்குக் கொண்டாந்துரு அம்மிணி. ரோட்டுல உட்டறாத."

"உடமாட்டேனுங்க" என்றேன்.

மார்கழி பாதியில் அது வந்தது. தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். ரிக்காரர்தான் தூக்கிவந்து கட்டிலில் போட்டார். மேட்டூர் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றார் அவர். இவர் மூச்சுக்கு நடுவில் கையை ஆட்டினார். ஆஸ்பத்திரியும் வெளியேதானே. "ஊட்டுக்கு" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லத் தோப்பிலிருந்து ஒருத்தர் ஜீப்பில் ஓடினார். ரிக்காரர் எங்கள் வேனை எடுத்தார். நான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

படுத்தபடியே அவருக்கு ரோடு தெரிந்தது. ஒரு மேடு, ஒரு வளைவு, ஒரு சந்தைச் சத்தம் போதும். "எடப்பாடி" என்றார். சரியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "சங்ககிரி மல தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க."

"அப்பறமென்ன, வந்தாச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மருமகள் வெந்நீர் வைத்திருப்பாள், மகன் வேலிப் படலைத் திறந்து வைத்திருப்பான் என்று என்னென்னவோ சொன்னேன். "ஏனுங்க, திருச்செங்கோட்டு மல தெரிஞ்சுருச்சுங்க" என்றேன். பதில் இல்லை. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். இன்னொரு தரமும் வைத்துப் பார்த்தேன். பிறகு முன்பக்கத்துப் பலகையைக் கையால் அடித்தேன்.

ரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி ஏறி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். அவருக்கும் இவருடைய பயம் தெரியும்.

"டீச்சரம்மா, நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்க வேண்டாம். நேரா நடு ஊட்டுல கொண்டுபோயிக் கெடத்திப்போடலாம். அப்பறமா நீங்க அழுவுங்க. ஊட்டுக்கு வந்துதான் உசுரு போச்சு. நான் சாட்சி சொல்றனுங்க."

சரி என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்த வாய்தான். அன்றைக்கு அவருக்காக எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கண்ணை மூடிவிட்டு, தூங்குகிறவர் மாதிரி தலையைத் திருப்பி வைத்தேன். ரிக்காரர் கீழே இறங்கி என்னவோ செய்தார், பிறகு வண்டி கிளம்பியது. அங்கிருந்து வீடு வரைக்கும் புருசன் உடம்பை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டு அழாமல் வந்தேன்.

படல் திறந்துதான் இருந்தது. மகன் ஓடிவந்தான். அவனுக்கு முன்னால் அவன் பெரியப்பா, என் வீட்டுக்காரரின் அண்ணன், தடியோடு நின்றார். அவரும் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தவர். வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தவர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"நிறுத்தப்பா வண்டிய. வேப்பங்குழை எதுக்கு?"

உள்ளே இருந்த எனக்கு எதுவும் புரியவில்லை. ரிக்காரர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கினாரே, அப்போது ரோட்டோரத்து மரத்தில் ஒரு கொத்து ஒடித்துச் செருகியிருக்கிறார். அவர் நினைத்துச் செய்யவில்லை. இத்தனை வருசப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது.

"காத்துல வந்து சிக்கியிருக்குமுங்க" என்றார். அவ்வளவு பெரிய மனுசன் அப்படித் திணறியதை நான் பார்த்ததில்லை.

அண்ணன் ஏறி வந்தார். போர்வையை விலக்கித் தம்பியின் பாதத்தைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வண்டி படலத் தாண்டக் கூடாது" என்றார்.

வெறி வந்தது எனக்கு. "யாரூடுங்க இது? அவரு லோடு அடிச்சுக் கட்டுன ஊடு. அவர வராதங்கறதுக்கு நீங்க யாருங்க?"

"அவன் கட்டுனதுதான், நான் இல்லீங்கல. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. மாசமா இருக்கற புள்ள உள்ள இருக்குது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மகனைப் பார்த்தேன். "சாமி, நீ சொல்லு. உங்கப்பன் என்ன கேட்டாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "பெரியப்பா சொல்றதக் கேளுங்கம்மா" என்றான்.

"அப்படின்னா இந்த வண்டிதான் அவரு ஊடு. இதுக்குள்ளயே கெடக்கட்டும். ஒருத்தரும் தொடாதீங்க" என்று கதவை இழுத்துச் சாத்தினேன். எவ்வளவு நேரம் சாத்தி வைக்க முடியும்? குளிப்பாட்ட வேண்டும், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வர வேண்டும். அவர்கள் நாலு பேர், நான் ஒருத்தி. வண்டிமேல் கிடந்த எங்கள் தார்ப்பாயை இழுத்து, படலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடியில் விரித்தார்கள். அதில்தான் அவரைக் கிடத்தினார்கள்.

குறை வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மேளம் வந்தது, மாலை வந்தது, ஊர் திரண்டு வந்து அழுதது. குளிப்பாட்டத் தண்ணீர் வீட்டிலிருந்து குடம் குடமாகப் படலைத் தாண்டி வந்தது. அவர் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் வாசல்கதவு நேராகத் தெரியும். கதவு திறந்தே கிடந்தது. எல்லோரும் உள்ளே போய்ப் போய் வந்தார்கள், அவர் ஒருத்தரைத் தவிர.

எல்லாம் முடிந்த பிறகு ரிக்காரர் என் முன்னால் வந்து உட்கார்ந்து கதறினார். "என்ற கையி பண்ணுன வேல டீச்சரம்மா. என்ற கையி."

"உடுங்க. நீங்க செத்து அவரு ஓட்டிட்டு வந்திருந்தாலும் குழையச் செருகித்தான் இருப்பாரு" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். ரிக்காரர் அடுத்த குளிர்காலத்துக்குத் தோப்புக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வண்டியைத் தொட ஒருத்தரும் வரவில்லை. வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே நின்று துருப்பிடித்தது. சேலத்திலிருந்து பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போன அன்று நான் வெளியே வரவில்லை. மருமகளுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதைத் தூக்கிக் கொஞ்சவும் செய்தேன். குழந்தை என்ன செய்யும் பாவம்.

நடு வீட்டில் இப்போது என் கட்டில் கிடக்கிறது. அவர் கேட்ட இடம். மார்கழி வந்தால் எனக்கு அங்கே தூக்கம் பிடிப்பதில்லை. போன வாரம் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சா கட்டலோட தூக்கிக் கொண்டுபோயி அந்த வேப்பமரத்தடியில போட்ரு. செத்த பொறவு இல்ல, உசுரு இருக்கறப்பவே. நான் ஊட்டுக்குள்ள சாகக் கூடாது."

அவன் அழுதுவிட்டான். "ஏம்மா இப்படிப் பேசறீங்க? பெத்தவள வெளிய போட்டா ஊரு என்ன சொல்லும்?"

"உங்கப்பனப் போட்டப்ப என்ன சொல்லுச்சோ, அதையே சொல்லட்டும்" என்றேன்.