டோல்கேட் சிக்னல் எடுத்த படம்

என் ஸ்கூட்டர் மேல் எத்தனை அபராதம் இருக்கிறது என்று பார்க்க, இன்று திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். இறந்துபோன கணவரின் பைக்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். பாக்கி அபராதம் இருந்தால் மாற்றித் தரமாட்டார்கள்.

கடைக்காரர் வண்டி எண்ணைத் தட்டினார். "ஒண்ணு கீதுக்கா. டோல்கேட் சிக்னல்ல கோட்டத் தாண்டி நின்னத கேமரா புட்ச்சிகீது. காலைல ஏழே முக்காலு." தேதியையும் படித்தார்.

அந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "அன்னிக்குத்தான்ணே போனாரு. எட்டு மணிக்கு சாத்தாங்காட்டாண்ட லாரி அடிச்சிட்ச்சு. போட்டோ கீதா? பெருசு பண்ணு."

பெரிதாக்கினார். தலையில் ஹெல்மெட். தாடைக்கு அடியில் வார் கூட மாட்டியிருந்தது.

"லாரிக்காரன் வக்கீலு, இவரு ஹெல்மெட்டே போடலன்னு கோர்ட்ல சாதிச்சிகினு கீறான்ணே. நஷ்ட ஈட்டக் கொறைக்கணுமாம்."

"அபராதத்தக் கட்டிடட்டாக்கா?" என்றார் கடைக்காரர்.

"வாணாம்! கட்டுனா போட்டோவ அழிச்சிட்டான்னா?"

கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த அம்மா கலரில் நான்கு பிரதி எடுத்துக்கொண்டு நேராகத் தன் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார்.

சட்டத்தை மதிப்பவர்களை நம் கேமராக்கள் படம் எடுப்பதில்லை. அன்று காலை அந்த மனிதர் கோட்டுக்குள் ஒழுங்காக நின்றிருந்தால், ஹெல்மெட் போட்டிருந்தார் என்பதற்கு அரசாங்கத்திடம் ஆதாரமே இருந்திருக்காது.

வக்கீல் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்: அபராதம் கட்டிய பிறகும் அந்தப் படம் இருக்குமா?