கொழுந்து பார்த்து வாங்கிய கொம்பியூட்டர்

இன்னொருவருக்குக் கொம்பியூட்டர் பார்த்துக் கொடுப்பது சம்பந்தம் பேசி வைப்பது போன்ற தொழில்: நன்றாக ஓடினால் வாங்கியவரின் ராசி, படுத்துவிட்டால் பார்த்துக் கொடுத்தவனின் குற்றம். தெரிந்தவர் ஒருவரின் பேச்சை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மறுவாரமே அதே பெட்டியோடு பஸ் ஏறித் திரும்பி வந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தத் தெரிந்தவர் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள். இரவில் நோர்வூட் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில், கொழுந்தை வாட்டும் மாடியில் எனக்கு வேலை. பகலில் ஹட்டனில், புத்தகக் கடைக்கு மேலே ஒரு மேசை, ஒரு ஸ்குரூ டிரைவர். யாரும் சொல்லித் தரவில்லை. ஃபெக்டரி ஒபீஸில் கழித்துப் போட்ட பெட்டியைக் கேட்டு வாங்கி, கழற்றினேன், பூட்டினேன், மீந்துபோன ஆணிகளைப் பார்த்துப் பயந்து மறுபடி கழற்றினேன். படுத்தாலும் தூக்கம் வராத மனுஷனுக்கு அதுவும் ஒரு துணைதான்.

மாஸ்டரின் பட்டியல்

கோகிலா என்ற பெண்ணுக்குக் கண்டியில் கிராஃபிக் டிசைன் படிக்க இடம் கிடைத்திருந்தது. வீட்டுப்பாடத்தை எல்லாம் சொந்தக் கொம்பியூட்டரில் செய்து கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். முதல் வருட வேலைகள் தேறாவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது. தோட்டத்திலோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பேர் பதிய எப்போது வருகிறாள் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். அம்மா முத்தம்மா கொழுந்து எடுப்பவர். சீட்டு எடுத்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். கூடவே கோகிலாவின் சித்திர ஆசிரியர், யாழ்ப்பாணத்து மாஸ்டர், கையில் ஒரு பட்டியலோடு.

"தம்பி, வேகம்தான் முக்கியம்," என்றார் மாஸ்டர். "வேகமில்லாத பெட்டியிலை பிள்ளை என்னத்தைக் கீறுறது? புரொசஸர் இருக்கிறதுக்குள்ளை திறமானதாப் போடும்." எனக்கும் அதே எண்ணம்தான். காசு முழுவதையும் புரொசஸரிலும் ராமிலும் கொட்டினேன். மொனிட்டருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை; மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து வந்த பழையதைக் கோர்த்து விட்டேன். படம் தெரிகிறதல்லவா, அது போதும் என்று நினைத்தேன். முத்தம்மா எழுந்தார்.

"வேகமா ஓடுதோ மெதுவா ஓடுதோ தம்பி, எம்புள்ளைய பெரட்டுக்களத்துக்குத் திருப்பிக் கொண்டாந்து விடாத பெட்டியாப் பார்த்துக் குடுங்க."

கசங்கின சட்டை

அவர்களுடைய லயத்து வரிசை வீட்டில் பெட்டியைப் பூட்டிக் கொடுத்து வந்த மூன்றாம் நாள், கோகிலா புத்தகக் கடைக்குப் போன் செய்தாள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே பெட்டி தானாக நின்று நின்று எழும்புகிறதாம். போய்ப் பார்த்தேன். பெட்டியில் குற்றமில்லை. ஒரே வயரில் பன்னிரண்டு வீடு. பின்னேரம் வேலை விட்டு வந்ததும் பன்னிரண்டு வீட்டிலும் கரண்ட் கேத்தல் கொதிக்கிறது, பல்ப் எல்லாம் பூசணிப்பூ நிறத்துக்கு இறங்குகிறது. நான் கொண்டுபோன பழைய யூபிஎஸ் இரண்டு தரம் கீச்சிட்டுவிட்டு உயிரை விட்டது.

தீர்வு கண்டது நானில்லை. முத்தம்மாதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: வாசல் கொடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் பிள்ளை வேலை செய்கிறாள் என்று அர்த்தம். அன்றிலிருந்து துண்டைக் கண்டால் கேத்தல் இறங்கி, விறகடுப்பு எரியும். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அயன் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் என்னிடம் முறையிட்டார்.

"இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கசங்கின சட்டையோடதான் கல்யாண வீட்டுக்குப் போவணும் போல இருக்கே, தம்பி!"

மஞ்சள் பூசிய தேயிலை

முதல் வருடத்தின் பெரிய வேலை, ஒரு தேயிலைப் பாக்கெட்டுக்கு மேலட்டை செய்வது. லயமே கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க, பத்து நாள் உட்கார்ந்து செய்தாள் கோகிலா. சீடியில் பதிந்து கண்டிக்குக் கொண்டுபோய் அச்சடித்தால், இலை முழுக்க மஞ்சள். மங்கலம் இல்லாத ஒரு மஞ்சள். அங்கே படிப்பிக்கும் மிஸ் அதைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வாரத்தில் மறுபடி செய்து வா, அதுவும் சரியில்லாவிட்டால் இரண்டாம் வருடத்தை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

கண்டியிலிருந்து நேரே என் மேசைக்குத்தான் வந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அட்டையைப் பார்த்ததும் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. நான் கொடுத்த பழைய மொனிட்டர் எல்லாவற்றையும் நீலம் பாய்ந்ததாகக் காட்டியிருக்கிறது. அது பச்சையாகத் தெரியும்வரை இந்தப் பிள்ளை மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். படம் வரைய வாங்குகிற பெட்டிக்கு வேகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் விட்டவன் நான். "தப்பு என் பேர்லதான்" என்றேன்.

"தப்பு யாருதா இருந்தாலும் அண்ணே, கூடை என் முதுகுலதானே ஏறும்."

மூன்று மொனிட்டர்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அங்கே இங்கே கெஞ்சி மூன்று மொனிட்டர் சேர்த்து வைத்திருந்தேன், எது பிடிக்கிறதோ பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. மிஸ் கொடுத்த சீடியில் கொழுந்துப் படம் ஒன்று இருந்தது. அதையே மாற்றி மாற்றி மூன்றிலும் போட்டுக் காட்டினேன். மூன்றில் மூன்று பச்சை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. பத்து வருடமாகக் கொழுந்தைக் கையில் அளைகிறவன். ஆனால் ராத்திரி டியூப் வெளிச்சத்தில் என் கைக்கு வருவதெல்லாம் வாடத் தொடங்கிய கொழுந்து. செடியில் நிற்கும் கொழுந்தை வெயிலில் நின்று பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முத்தம்மா கையில் முடிந்து வைத்திருந்த லேஞ்சிக் கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே ஈரத்துணியில் அன்று காலை கிள்ளிய ஒரு கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். முதல் மொனிட்டர்: "இது முத்தல். கங்காணி அள்ளி வீசிருவாரு." இரண்டாவது: "இது சாக்குல கெடந்து புழுங்கினது." மூன்றாவது, ஓரம் உடைந்து டேப் ஒட்டியிருந்த கிழடு, எண்ணிக்கைக்காகத்தான் மேசையில் வைத்திருந்தேன். அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதுதான். ஆனா கொஞ்சம் மழைக்கு முந்துன மாதிரி இருக்கு. மஞ்சள ஒரு சொட்டு எறக்குங்க."

அடியிலிருந்த பொத்தான்களை நான் அழுத்த, அவர் சொல்ல, அரைமணி நேரம் போயிற்று. இறக்குங்க, ஏத்துங்க, ஐயோ ஏறிருச்சு, இன்னும் கொஞ்சம். கடைசியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போதும் தம்பி, இப்ப எடுத்துக் கூடையில போடலாம்."

மிஸ் கேட்ட கேள்வி

கோகிலா திரும்பச் செய்தாள். சிவப்புத் துண்டு இரவு பகலாகத் தொங்கியது. கொடுக்க வேண்டிய நாளில், ஃபெக்டரி வேலை முடிந்து நேரே ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் போய், கண்டி பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே பிளேன்டீ குடித்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் மாஸ்டர், குடையை விரித்து மடக்கி விரித்து மடக்கி. "புரொசஸரிலை பிழை இல்லைத்தானே, தம்பி?" என்று நாலு தரம் கேட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அட்டையை நீட்டினாள். உடைந்த மொனிட்டரில் பார்த்த அதே பச்சை. மூலையில் மிஸ்ஸின் கையெழுத்து: இரண்டாம் வருடத்துக்குத் தகுதி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிளேன்டீக் கோப்பையைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் பூட்டிய பெட்டிகளில் ஒன்று போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும், கேத்தலை இறக்கி வைத்த அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் நான் பட்டிருக்கும் கடனை எந்த ஸ்குரூ டிரைவராலும் கழற்ற முடியாது.

நிறத்தை இவ்வளவு சரியாக வைக்க உன் மொனிட்டரை யார் செட் பண்ணியது, கொழும்பு ஆளா என்று மிஸ் சிங்களத்தில் கேட்டாராம். என்ன சொன்னாய் என்றேன்.

"எங்கம்மாதான் மிஸ், இன்னைக்கு வேல நாளு, கொழுந்து மலையில நிப்பாங்கன்னு சொன்னேண்ணே."

அன்றிலிருந்து என்னிடம் பெட்டி வாங்க வருகிறவர்களிடம், புரொசஸருக்கு வேண்டுமானால் மாஸ்டரைக் கூட்டிவாருங்கள், மொனிட்டருக்குக் கட்டாயம் அம்மாவைக் கூட்டிவாருங்கள், ஆணி முறுக்க மட்டும் நான் இருக்கிறேன் என்று சொல்லி வருகிறேன்.