காப்பார் வழியாகத் தாய்லாந்து

தாய்லாந்துக்குப் புறப்பட்ட எங்கள் பயணம் காப்பாரில் முடிந்தது. காப்பார் கிள்ளானுக்கு அடுத்த ஊர். கிள்ளானில் பசியாறிவிட்டு வண்டி ஏறினால் ஏப்பம் அடங்குவதற்குள் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். நண்பன் கிள்ளான்காரன். இருவரும் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வேலை வந்து கழுத்தைப் பிடிப்பதற்குள் இன்னொரு நாட்டு மண்ணில் ஒரு தடவையாவது கால் வைத்துவிட வேண்டும். சிங்கப்பூரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே சித்தப்பா இருந்தார். சொந்தக்காரர்கள் இருக்கும் இடம் எப்படி வெளிநாடு ஆகும்? கையிலிருந்த காசுக்கு எட்டியது தாய்லாந்துதான்.

முதுகில் ஆளுக்கொரு பை, கடலோரச் சாலை, வருகிற லோரிகளில் எல்லாம் லிஃப்ட். இதுதான் நண்பனின் திட்டம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் சரக்கு ரயிலில் கார்டு. பச்சைக் கொடி காட்டிச் சம்பளம் வாங்குகிறவர். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அதைக் காட்டியதே இல்லை.

“ரோடுங்கிறது லோரிக்குப் போட்டதுடா. மனுசன் போறதுக்கு ரயில் இருக்கு” என்றார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் கிளம்பிய காலையில் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எனக்கும் கோபம் வந்தது. சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கிவிட்டேன்.

கிள்ளானில் ஒரு வெறும் லோரி நின்றது. தேங்காய் ஏற்றப் போகிறதாம். டிரைவர் தமிழர். “ஏறுங்க தம்பி, சபாக் பெர்ணம் வரைக்கும் கொண்டுபோய் விடறேன்லா” என்றார். பின்னால் ஏறி நின்றுகொண்டு, கிள்ளானைக் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். காப்பாரில் ஒரு மாடு சாலைக்கு வந்தது. டிரைவர் ஒடித்துத் திருப்ப, லோரி பக்கத்துக் கால்வாயில் இறங்கியது.

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நண்பனுக்கு உதடு கிழிந்தது. எனக்கு வலது கால் முறிந்தது. பைக்குள் இருந்த பாஸ்போர்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மாடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அழுதேன். பாதி வலியில், மீதி காப்பாரில் விழுந்த அவமானத்தில்.

கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அம்மாவும், கிள்ளானிலேயே குடியிருந்த, அம்மாவின் தங்கையான சித்தியும் அழுதுகொண்டே வந்தார்கள். அப்பா கடைசியாக வந்தார். யூனிஃபார்மோடு வந்திருந்தார். சுருட்டிய கொடிகள் இரண்டும் அக்குளில் இருந்தன. வண்டியை நடுவழியில் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, கொடிகளை ஒப்படைக்க மறந்து ஓடிவந்திருக்கிறார். எலும்பு எப்படிக் கூடுகிறது என்று பார்க்க வேண்டும், நடை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திட்டுவதற்குச் சொற்களைச் சேர்க்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் என் தலைமாட்டில் வேண்டுதல்கள் தொடங்கிவிட்டன. பிள்ளை எழுந்து நடந்தால் பத்துமலையில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். மொட்டை எனக்கு. கிள்ளான் அம்மனுக்கு நான் பால்குடம் எடுப்பதாகச் சித்தி நேர்ந்துகொண்டார். டெலிபோனில் செய்தி கேட்ட ஈப்போ மாமா அங்கிருந்தே கல்லுமலை முருகனிடம் பேசி முடித்துவிட்டார். பினாங்குப் பெரியம்மாவும் தண்ணீர்மலையில் மொட்டை என்று சொல்லிவிட்டார். இருப்பது ஒரு தலை, அதற்கு இரண்டு முருகன்கள். சுங்கை பட்டாணியில் இருந்த அத்தை மட்டும் சும்மா இருப்பாரா? அங்கே ஓர் அபிஷேகம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் மட்டும்தான் என்னுடையது.

நண்பன் தையல் போட்ட உதட்டோடு தினமும் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். ஒரு நாள் தாய்லாந்துப் பயணத்துக்காக வாங்கிய வரைபடத்தை விரித்து, கோயில் கோயிலாகப் பேனாவால் புள்ளி வைத்தான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“டேய், பத்துமலை, ஈப்போ, பினாங்கு, சுங்கை பட்டாணி. உங்க சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து உன்னை வடக்கே கூட்டிட்டுப் போறாங்கடா!”

உண்மைதான். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எல்லையைப் பார்த்து ஏறியது. இனி ஊர் சுற்றுகிற பேச்சே வீட்டில் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் வேண்டுதலை யார் தடுக்க முடியும்? சுங்கை பட்டாணிக்கு அப்பால் இன்னும் ஒரே ஒரு வேண்டுதல் கிடைத்தால் போதும், எல்லை ஊரான பாடாங் பெசாருக்குப் போய்விடலாம். நண்பன் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொடுத்துச் சித்தியை மெல்ல விசாரித்தான்.

“ஆன்டி, பாடாங் பெசார் பக்கம் ஏதாச்சும் சக்தியுள்ள கோயில் இருக்கா?”

“அங்க நமக்கு யாருப்பா இருக்காங்க?” என்றார் சித்தி. சொந்தக்காரர் இல்லாத ஊரில் சாமி இருந்தும் என்ன பயன்? எங்கள் திட்டம் சுங்கை பட்டாணியில் நின்றுபோனது.

கட்டு பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. முதலில் தடியோடு நடந்தேன், பிறகு தடியில்லாமல் நடந்தேன். கொஞ்சம் நொண்டல் மிச்சமிருந்தது. நண்பனுக்கு வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எனக்கும் எந்த நாளிலும் வரலாம். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கிள்ளான் பால்குடமும் பத்துமலை மொட்டையும் முடிந்தன. கொஞ்சம் முடி முளைக்கும்வரை பினாங்கு முருகனைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் அம்மா.

வடக்கே கிளம்புவதற்கு முன் நண்பன் எங்கள் வீட்டுக்கு வந்து கடைசி முயற்சி செய்தான். “ஆன்டி, சுங்கை பட்டாணி வரைக்கும் போயாச்சுன்னா, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம்தான்…”

“வேண்டுதலுக்குத்தான் அனுப்புறேன். ஊர் சுத்த இல்ல. அபிஷேகம் முடிஞ்ச கையோட அடுத்த ரயில்ல திரும்பி வரணும்” என்றார் அம்மா. நான் சுவரைப் பார்த்தேன்.

“நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா எங்களோடு கோயிலுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். வெளியே நின்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். அவர் திருநீறு பூசி நான் பார்த்ததில்லை.

“என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல. இவன் பழையபடி நடந்தா, இவன் ஆசைப்பட்ட எடத்துக்குத் தடுக்காம அனுப்பி வைக்கிறேன்னு.”

“எந்தச் சாமிகிட்ட?”

அப்பா பேப்பரை மடித்தார். “அந்த நேரத்துல எந்தச் சாமின்னு பார்க்கல.”

நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் என்னவாகும் என்று ஊருக்கே சொல்கிறவர் அம்மா. அப்பா என்னைப் பார்க்காமலே, “ஆனா ரயில்ல போ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நண்பன் நாகரிகமாக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், “அங்கிள் சும்மா உனக்காக அடிச்சுவிட்டாரா, இல்ல நெஜமாவே வேண்டிக்கிட்டாரா?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

ஈப்போவில் மாமா சொன்னபடி அர்ச்சனை செய்தோம். பினாங்கில் நாவிதர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல எதைத் தம்பி எடுக்கிறது?” என்றார். சுங்கை பட்டாணியில் அபிஷேகம் முடித்து, அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு ரயிலேறினோம். பாடாங் பெசாரில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. எல்லைக்கு அப்பால், ஹட்யாயில் இறங்கும்போது முறிந்த காலைத்தான் முதலில் வைத்தேன். வலித்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை, எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காசு தீரும்வரை இருந்துவிட்டுத் திரும்பினோம்.

வீடு வந்து சேர்ந்ததும் அப்பா, “முடிஞ்சதா?” என்றார். “முடிஞ்சதுப்பா” என்றேன். அவருக்கு வேலையில்லாத அடுத்த நாள் காலையில், சட்டையை மாட்டிக்கொண்டு, “வா” என்றார்.

முதலில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே நான் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிடவில்லை. வண்டி வந்து சேர்ந்ததை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுகிற குரலில், “பையன் போய்ட்டு வந்துட்டான்” என்றார். பிறகு முருகன் கோயில். அங்கேயும் அதையே சொன்னார். பிறகு சிங்களவர்களின் புத்தர் கோயில். அதற்குப் பிறகு சீனர் கோயில் ஒன்று. எந்தச் சாமி என்று பார்க்காமல் வேண்டிக்கொண்டவர், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவரையும் விடுவதாக இல்லை. அவர் சும்மா அடித்துவிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாதா கோயிலுக்கு வந்தபோது என் கால் வீங்கிவிட்டது. “நீ இங்கயே நில்லு” என்றார் அப்பா. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவர் செருப்பைப் படியோரம் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நான் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருந்தேன்.